பி.டி. பீரியடும் பட்டுத் தறியும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஐயம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுமே நெசவு ஊர்கள். காஞ்சிப் பட்டு என்று நாம் வாங்குகிற சேலை எல்லாம் வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரம் தெரிகிற தெருவிலேயே நெய்தது என்று நினைத்துக்கொள்கிறோம். சுற்றுவட்டாரத்தில் இதுபோன்ற ஊர்களின் வீடுகளில் நெய்ததும் அதில் உண்டு. அந்த வீடுகளில் தறி தனியாக ஒரு பட்டறையில் இருப்பதில்லை. வீட்டின் பெரிய அறை எதுவோ அதைத் தறி எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற இடத்தில்தான் சமையல், சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம்.

இந்த ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் நலம் பற்றிப் பேச வேண்டுமானால் கோர்வைச் சேலையிலிருந்து தொடங்குவது சரியாக இருக்கும். கோர்வையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. நெசவாளர் ஒருவரே இத்தனையையும் ஓட்டுவது சிரமம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். இழைக்கு இழை, நாள் முழுக்க. நெடுங்காலமாக அந்த ஆள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான். சொந்தப் பிள்ளை இல்லாத வீட்டில், பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்தார்கள். முன்பணம் தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துக்குத் தனி இடம் உண்டு.

அந்த நிலைமை பெருமளவு மாறிவிட்டது. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், மதியச் சோறு என்று பல கைகள் சேர்ந்துதான் பிள்ளையைத் தறியிலிருந்து வகுப்பறைக்கு இழுத்து வந்தன. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, பிள்ளை வீட்டாருக்கு உதவலாம். ராட்டையில் தார் சுற்றுவது, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது என்று உதவிக்கா பஞ்சம்? அந்த உதவிக்கான நேரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பள்ளி நேரத்தைத் தொட முடியாது. ஆகவே விளையாட்டிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வருகிறது.

சரி, பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளை அங்கே என்ன செய்கிறது? உட்கார்ந்திருக்கிறது. முதுகை வளைத்து, ஒரு முழ தூரத்தில் கண்ணை வைத்து, எழுந்திருக்க அனுமதி கேட்டு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததற்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அறிவுக்கு, எதிர்காலத்துக்கு, சுயமரியாதைக்கு. எலும்புக்கும் கண்ணுக்கும் மட்டும் அவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லை.

முதலில் வயிறு. மூளை தின்கிற சக்தி எவ்வளவு என்று தெரிந்தால் காலை டிபன் வெறும் கருணை விஷயம் இல்லை என்பது புரியும். வளர்ந்த மனிதரின் மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஓய்வில் உடல் செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் கணக்கு வேறு. 2014-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அந்த வயதில் ஓய்வு நிலையில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மூளைக்கே போகிறது. நரம்புச் செல்களுக்கு இடையே இணைப்புகள் மும்முரமாக உருவாகிக்கொண்டிருக்கும் பருவம் அது. அந்த வயதில் உடம்பு மெதுவாக வளர்வதற்கே இதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வருகிற சக்தியை மூளை எடுத்துக்கொண்டு, எலும்பையும் தசையையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறது. அந்த மூளையை, முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட சோற்றோடு காலை பதினொரு மணிவரை கணக்குப் போடச் சொல்வது என்ன நியாயம்?

நெசவு வீடுகளில் காலை நேரம் பரபரப்பானது. வெயில் ஏறுவதற்குள் தறியில் உட்கார்ந்தால்தான் நாலு விரல் துணி கூடுதலாக ஏறும். அம்மாவும் பாவு வேலையில் இருப்பாள். பிள்ளைக்கு ஒரு டம்ளர் டீ, ஒரு பன். இந்த டீயில்தான் சிக்கல். தேயிலையில் உள்ள டானின் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாது. இரும்பு குறைந்தால் ரத்தசோகை என்று எல்லோருக்கும் தெரியும். ரத்தத்தில் குறைவதற்கு முன்பே மூளைக்குக் குறையலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை உருவாகவும், கவனத்தையும் ஊக்கத்தையும் நடத்துகிற டோபமைன் சுரக்கவும் இரும்பு தேவை. ‘மந்தமா இருக்கா, பாடத்துல கவனமே இல்ல’ என்று ரிப்போர்ட் கார்டில் எழுதப்படுகிற பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் ஹீமோகுளோபின் குறைவோ! ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுவரையான இந்தியப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளிகளில் வாரம் ஒரு நாள் தருகிற நீல நிற இரும்பு மாத்திரை இதற்காகத்தான். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டினால் அடுத்த வாரம் ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள். எறிகிறார்கள்.

சாப்பாடு போட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நூற்றாண்டு அனுபவம். 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுத்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். கருணாநிதி காலத்தில் முட்டை வந்தது, படிப்படியாக வாரம் ஐந்தானது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்தில் 1,545 தொடக்கப் பள்ளிகளுக்கு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட கோயில் இட்லிக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் ரவா உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ஆனால் சூடாக, காய்கறி போட்ட சாம்பாரோடு, ஒன்பது மணிக்குள் வயிற்றில் விழுகிறதே, அதுதான் முக்கியம்.

இதன் பலன் எத்தனை தூரம் போகும் என்பதற்கு 2021-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஓர் இந்திய ஆய்வு நல்ல சான்று. சிறுவயதில் பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்களையும் கிடைக்காத பெண்களையும் அவர்கள் தாயான பிறகு ஒப்பிட்டார்கள். உணவு கிடைத்தவர்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருந்தன. பள்ளியில் சாப்பிட்டவள் அம்மா, உயரமானது பிள்ளை. ஒரு தலைமுறை தாண்டி விளைவு தெரிகிற திட்டத்தை ‘இலவசம்’ என்று கேலி செய்பவர்கள் அந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

குறை இல்லாமல் இல்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா? உடம்பு வேகமாக வளரத் தொடங்குவதும், பெண்பிள்ளைக்கு மாதவிலக்கில் இரும்பு போவதும் அதற்குப் பிறகுதான்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. பெண்பிள்ளைகள் பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெரும்பாலும் மறதியால் இல்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, அல்லது தண்ணீர் வரவில்லை, அல்லது பூட்டிச் சாவி ஆசிரியர் அறையில் இருக்கிறது. எட்டு மணி நேரம் அடக்கிவைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். லேசான நீர்க்குறைவே தலைவலியையும் கவனச் சிதறலையும் கொண்டுவரும். 2019-ல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே தனியாக மணி அடித்தார்கள். 2025-ல் தமிழ்நாட்டிலும் ‘வாட்டர் பெல்’ வந்தது. நல்ல யோசனை. மணி அடிப்பவர் கழிப்பறைச் சாவியையும் கையோடு எடுத்துவந்தால் இன்னும் நல்லது.

இனி கண். நெசவு ஊரில் கண்ணைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய நெசவாளர் இழை பிணைக்கக் கண்ணாடியைத் தேடுவது சாதாரணம்; அது வயதால் வரும் வெள்ளெழுத்து. பிள்ளைகளுக்கு வருவது நேர்மாறு, கிட்டப்பார்வை. கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுவதால் தூரத்துப் பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுந்துவிடுகிறது; கரும்பலகை மங்குகிறது. கிட்டத்தில் வைத்துப் படிப்பதால் வருகிறது என்றுதான் நீண்டநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் இன்னொரு முக்கியக் காரணம் வெளிச்சம். வகுப்பறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தால் அதிகம். வெளியே பகலில் பத்தாயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் கூடுகிறது. கண்விழி நீள்வதை அது மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போதைக்குப் பலரும் ஏற்கிற விளக்கம்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே ஒரு பாடவேளை. மிச்சப் பள்ளிகள் வழக்கம்போல. மூன்று ஆண்டு கழித்து, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன பள்ளிகளில் 30.4. மருந்து இல்லை, கருவி இல்லை, வெறும் 40 நிமிட வெளிச்சம். 2015-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமா? நல்ல மரநிழலே வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம். ஏற்கெனவே பார்வை குறைந்துவிட்ட பிள்ளைக்கு ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. கண்ணாடி போட்டால் ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடுவார்களே என்று பையில் ஒளித்துவைக்கிற பிள்ளையை மட்டும் ஆசிரியர் கவனிக்க வேண்டும்.

வெளியே போகிற அந்த 40 நிமிடம் நம் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் பி.டி. பீரியட். கால அட்டவணையில் இருக்கிறது என்றுதான் சொன்னேன். நடக்கிறது என்று சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் ‘ஒரே ஒரு சேப்டர் பாக்கி’ என்று கேட்டு வாங்கிக்கொள்வார், அறிவியல் டீச்சர் டெஸ்ட் வைப்பார். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அந்தப் பீரியட் இருந்ததற்கான தடயமே இருக்காது. கடன் என்பார்கள், திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? கணக்குக்கே நஷ்டம் என்கிறது அறிவியல். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹில்மன் குழு, 7 முதல் 9 வயதுவரையான 221 பிள்ளைகளை எடுத்து, ஒரு பாதியினருக்கு ஒன்பது மாதம் பள்ளி விட்டதும் ஓடியாடும் விளையாட்டு கொடுத்தது. விளையாடியவர்கள் கவனத்தைச் சிதறவிடாமல் இருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தை மாற்றுவதிலும் முன்னேறினார்கள். மூச்சிரைக்க ஓடும்போது மூளைக்குப் போகும் ரத்தம் கூடுகிறது. நரம்புச் செல்கள் கிளைவிடத் தூண்டும் புரதங்கள் சுரக்கின்றன. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதி பயனடைகிறது. வெறுமனே மைதானத்தைச் சுற்றி ஓடுவதைவிட, யோசித்து ஆடுகிற ஆட்டம் மேல். கோ-கோவை எடுத்துக்கொள்ளுங்கள். துரத்துகிறவர் திசை மாற முடியாது, உட்கார்ந்தவர் ‘கோ’ கேட்கும்வரை எழ முடியாது. எழத் துடிக்கிற உடம்பை விதி சொல்லும்வரை அடக்கிவைக்கிற பயிற்சி அது. மூளையின் முன்பகுதி செய்யவேண்டிய வேலையே அதுதான். மைதானம் இல்லை என்று சொல்கிற பள்ளியிலும் பாண்டிக் கட்டம் வரைய இடம் இருக்கும். நொண்டியடித்துக் குதிக்கிற ஒவ்வொரு குதியும் எலும்பில் அதிர்வை இறக்குகிறது. எலும்பு கெட்டிப்படுவது அந்த அதிர்வால்தான். பெண்களின் எலும்பு வலு பெரும்பாலும் இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். ஐம்பதுக்கு மேல் இடுப்பு முறிவதும் முறியாததும் பன்னிரண்டு வயதில் குதித்த குதியையும் பொறுத்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை நாளுக்கு 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது. 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலகெங்கும் ஐந்தில் நான்கு பேருக்கு அது கிடைப்பதில்லை. நம்மூர்ப் பெண்பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு விளையாட்டு முடிந்துவிடுகிறது. வயதுக்கு வந்த பிறகு தெருவில் ஓட முடியாது. வீட்டில் தார் சுற்ற ஆள் வேண்டும். அவளுக்கு ஓடுவதற்குப் பள்ளியை விட்டால் வேறு இடமே இல்லை. அவளுடைய பி.டி. பீரியடைக் கடன் வாங்குகிறவர் அவள் வாரத்தின் மொத்த ஓட்டத்தையும் வாங்கிக்கொண்டு போகிறார்.

பள்ளியில் மட்டும் கிடைக்கிற இன்னொன்று அமைதி. ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறி ஓடும் வீட்டில், அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் தறி ஓடும் தெருவில், சத்தம் இல்லாத நேரம் குறைவு. ‘எங்களுக்குப் பழகிடுச்சு’ என்பார்கள். காதுக்குப் பழகலாம், படிக்கிற மூளைக்கு அவ்வளவு எளிதில் பழகாது. நியூயார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்திலேயே உயரப் பாலத்தில் ரயில் ஓடியது. சில நிமிடத்துக்கு ஒரு ரயில். ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கினார்கள். ஆறாம் வகுப்பில் ஏறத்தாழ ஓராண்டுப் பின்தங்கல். அர்லின் பிரான்சாஃப்ட் 1975-ல் இதை வெளியிட்ட பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தையும் வகுப்புக்குச் சத்தம் உறிஞ்சும் கூரையும் வந்தன. பிறகு அளந்து பார்த்தபோது வித்தியாசம் மறைந்துவிட்டிருந்தது. நெசவுத் தெருப் பிள்ளைக்குப் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் திறந்திருக்கும் வகுப்பறையோ நூலக அறையோ எவ்வளவு பெரிய உதவி என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். செலவு, காவலுக்கு ஒரு ஆள்.

தூக்கத்துக்கு வருவோம். பருவ வயதில் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. பதினைந்து வயதுப் பையன் பதினொரு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பதும் காலையில் எழுப்ப எழுப்பப் புரண்டு படுப்பதும் திமிர் இல்லை, உடம்பின் கடிகாரம். அவனுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்தது இரவு ஆழ்ந்த தூக்கத்தில்தான் நினைவில் நிலைக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளியபோது பிள்ளைகள் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கூடுதல் நேரத்தை மொபைலில் செலவழித்துவிடுவார்கள் என்ற பயம் பொய்த்தது. நம் பள்ளிகள் ஒன்பது மணிக்குமேல்தான் தொடங்குகின்றன, நல்லதுதான். ஆனால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு என்று இரண்டு பக்கமும் அரித்துவிடுகிறோம். வீட்டிலோ விடியுமுன் தறி ஓடத் தொடங்கிவிடும். பொதுத்தேர்வு நெருங்க நெருங்கத் தூக்கத்தைக் குறைத்துப் படிக்கவைப்பது, ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இதுவரை உடம்பைப் பற்றித்தானே பேச்சு, மனநலம் எங்கே என்று கேட்கலாம். பேசியது முழுக்க அதுவும்தான். பசித்த பிள்ளையும் தூங்காத பிள்ளையும் ஓடாத பிள்ளையும் எரிச்சலும் சோர்வும் பயமுமாகத்தான் இருக்கும். மனத்துக்கென்று தனிப் பாடவேளை வைத்தால் போதும் என்ற நம்பிக்கையைப் பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயதுவரையான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, வழக்கமான வகுப்புக்குப் பதிலாக மனக்குவிப்புத் தியானம் கற்றுத்தந்து பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. வழக்கமான வகுப்பைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. தியானம் கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பள்ளி அப்படியே இருக்க, அதில் ஒரு பீரியடை மட்டும் ஒட்டவைத்தால் ஒட்டாது.

ஒட்டிய முயற்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற ஆய்வு நடந்தது. 2018-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரு பகுதிப் பள்ளிகளில் மனநல மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ இல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர் ஒருவரை முழுநேரமாக அமர்த்தினார்கள். அவர் செய்தது என்ன? மாதம் ஒரு தலைப்பில் சுவரொட்டி இதழ், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு, போட்டிகள், பெயரோடோ பெயர் இல்லாமலோ குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்பட்ட பிள்ளையோடு தனியாகப் பேச்சு. மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் சீண்டுவதும் அடிப்பதும் குறைந்தன, ‘இந்தப் பள்ளி எனக்குப் பிடிக்கும்’ என்ற உணர்வு கூடியது. இன்னொரு பகுதிப் பள்ளிகளில் இதே வேலையை ஆசிரியரிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பலன் ஏதும் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் பணி, பாடத்திட்டம் முடிக்கும் நெருக்கடி என்று இருக்கிற ஆசிரியரின் தலையில் இதையும் வைத்தால் அவர் என்ன செய்வார்? அதோடு, மார்க் போடுகிற கையிடம் மனத்தைத் திறக்க எந்தப் பிள்ளை வரும்?

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. பாலியல் தொல்லை முதலிய புகார்களை எழுதிப் போட வைத்தது. பெட்டி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் என்றால் அதில் சீட்டு விழாது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம், படிக்கட்டுத் திருப்பம், யார் போட்டார் என்று தெரியாத இடம் வேண்டும். எழுதிப் போட்டதற்கு என்ன ஆயிற்று என்று, பெயர் சொல்லாமல், அடுத்த வாரம் பிரார்த்தனைக் கூட்டத்தில் தெரிவித்தால்தான் இரண்டாவது சீட்டு விழும்.

தேர்வு பயத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அளவான படபடப்பு நல்லது. அளவு மீறினால் கார்ட்டிசால் கூடி, படித்ததே நினைவுக்கு வராது. வகுப்பில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டுத் திட்டினால் தெரிந்த விடையும் மறந்துபோவது இதனால்தான். உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சாதியையும் சொல்லிக் குத்திக்காட்டுவது இதில் மிகக் கொடியது. அது ஆசிரியரிடமிருந்து வந்தாலும் சக மாணவரிடமிருந்து வந்தாலும் மனநலப் பிரச்சினைதான். நாங்குநேரியில் 2023-ல் சக மாணவர்கள் சாதியின் பெயரால் ஒரு மாணவரைத் தாக்கியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு அடுத்த ஆண்டே அறிக்கை கொடுத்துவிட்டது. பள்ளிகள் அதைப் படிக்க வேண்டும்.

2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்நாடு செய்த இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, தோற்றவர்கள் ஓராண்டு வீணாகாமல் சில வாரங்களிலேயே எழுத உடனடித் துணைத் தேர்வு. 1986-ல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர். இன்னொன்று, 2017-ல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியது. எந்த ஆலோசகரும் தொடாமல், எந்தப் பிரசங்கமும் இல்லாமல், ஏற்பாட்டை மாற்றியதாலேயே லட்சக்கணக்கான வீடுகளில் ரிசல்ட் நாளின் அழுத்தம் குறைந்தது. தனியார் பள்ளிகளின் பேனர்கள் மட்டும் இன்னும் குறையவில்லை.

மன நோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு வாரமாக ஒதுங்கி நின்றால், சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்தால், அடிக்கடி வயிற்றுவலி என்று லீவு போட்டால், ‘நடிக்கிறான்’ என்று சொல்வதற்கு முன் கேட்டுப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். பள்ளிப் பிரச்சினைகளுக்கு 14417, குழந்தைகளுக்கு எதிரான கொடுமைக்கு 1098.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஐயம்பேட்டை மாதிரி ஊரில் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய தறிக்கூலி போய்விடும் என்பதால் பலர் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரே ஒரு கூட்டத்துக்காவது போங்கள். கட்டடம், சுற்றுச்சுவர் என்று பேச்சு போவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். போன மாதம் எட்டாம் வகுப்புக்கு எத்தனை பி.டி. பீரியட் நடந்தது? பெண்கள் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது? ‘மாணவர் மனசு’ பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தார்கள்? பள்ளி விட்டதும் ஒரு வகுப்பறையைத் திறந்துவைக்க முடியுமா? பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.